இறங்கும்போது தெரியும் வண்டி

மாட்டுப்பட்டி அணைக்குப் போகும் சாலையோரம் இருக்கிறது என் ஒர்க்‌ஷாப். எஸ்டேட் தொழிலாளர் லயங்களிலிருந்து வரும் பழைய ஸ்பிளெண்டர்களும், கோவை, மதுரை, பெங்களூரிலிருந்து மலை பார்க்க வருகிறவர்களின் பெரிய வண்டிகளும் இங்கே ஒரே கூரையின் கீழ் நிற்கும். புது வண்டி வாங்கப் போகும் பையன்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, எதுக்கு பவர் ஜாஸ்தி? எது நல்லா ஏறும்?" இந்தத் தொழிலில் கற்றதையெல்லாம் சுருக்கினால் என் பதில் இதுதான்: இன்றைக்குக் கடையில் விற்கும் எந்த பைக்கும் இந்த மலையில் ஏறிவிடும். எது நல்லா இறங்கும் என்று கேட்டு வாங்கு.

ஊரின் அமைப்பைச் சொன்னால்தான் இது புரியும். மூணாற்றிலிருந்து 13 கிலோமீட்டர் தள்ளி, கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மாட்டுப்பட்டி. 1963-இல் தொடங்கிய இந்தோ-சுவிஸ் கால்நடைத் திட்டத்தால் வெளியூர்க்காரர்களுக்கும் பெயர் தெரிந்த ஊர். அணையைத் தாண்டிப் போகும் சாலை எக்கோ பாயிண்ட், குண்டளை, எல்லப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷனைத் தொட்டு, பாம்பாடும் சோலைக்குள் நுழைந்து வட்டவடைக்குப் போகிறது. மூணாற்றுக்கு வந்தால் மூன்று பக்கம் இறங்கலாம். தேவிகுளம், பூப்பாறை, போடிமெட்டு வழியாக வந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிநாயக்கனூர். மறையூர், சின்னாறு வழியாகப் போனால் உடுமலைப்பேட்டை. அடிமாலி, நேரியமங்கலம் வழியாகப் போனால் கொச்சி. பெரிய ஆஸ்பத்திரி, சொந்த ஊர்க் கோயில் கொடை, பிள்ளைகளின் காலேஜ் என்று எதற்குப் போவதாக இருந்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் மலையை விட்டு இறங்கியாக வேண்டும்.

ஏற்றத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 110 கிலோ வண்டி, அதில் இரண்டு பேர், ஒரு பை. எல்லாம் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டும். எடையை மேலே தூக்கவும், டயர் உருள்வதற்கும், எதிர்க்காற்றைத் தள்ளவும் சேர்த்துச் சக்கரத்தில் தேவைப்படுவது ஏறத்தாழ 3 குதிரைத்திறன். 8 குதிரைத்திறன் உள்ள 100 சிசி வண்டி, அரிசி மூட்டையோடும் பின்சீட்டில் ஆளோடும் மூணாற்றுக் கடைத்தெருவிலிருந்து எஸ்டேட் வரை ஏறி வருவதற்கு இதுதான் காரணம். 40 குதிரைத்திறன் வண்டியும் அதே சாலையில் அதே வேகத்தில் போகும்போது தன் சக்தியில் பெரும் பகுதியைப் பயன்படுத்தாமலேதான் போகிறது.

உயரம் சக்தியைக் கொஞ்சம் தின்னும் என்பதும் உண்மை. எங்கள் ஊர்க் காற்று கடல்மட்டத்துக் காற்றைவிட சுமார் 15 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்று குறைந்தால் எரியும் பெட்ரோலும் குறைய வேண்டும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. அது சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பிளக் கரி பிடிக்கும், சைலன்சர் கறுக்கும், வண்டி இழுக்காது. கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றி ஊசியைத் தாழ்த்துவதும், தேவைப்பட்டால் மெயின் ஜெட்டை ஒரு அளவு சின்னதாக மாற்றுவதும் பல வருடம் எங்கள் கடையின் அன்றாட வேலை. அப்படிச் செய்த வண்டியைத் தேனிக்கோ மதுரைக்கோ கொண்டுபோய் அங்கேயே ஓட்டப் போகிறவரிடம், கீழே போனதும் பழையபடி மாற்றச் சொல்லி அனுப்புவோம். இல்லாவிட்டால் சமவெளியில் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் சூடாகிவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் எஃப்ஐ எனும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. சென்சார் காற்றின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஏற்றத்தில் சின்ன வண்டிக்கு இருந்த கடைசிச் சிரமமும் அதோடு பெருமளவு தீர்ந்தது.

நான் வேலை கற்ற காலத்தில் கடையில் நின்ற வண்டிகள் வேறு. மைசூரில் செய்த யெஸ்டி, திருவொற்றியூரில் செய்த புல்லட், ஓசூரில் செய்த டிவிஎஸ் 50, 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, அதே வருடம் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரை இந்தப் பக்கத்து வழக்கப்படி ஆசான் என்று கூப்பிடுவோம். வண்டியைச் சரிசெய்த பின் அவர் மேட்டில் ஓட்டிப் பார்க்க மாட்டார். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, பிரேக்கைத் தொடாமல் வண்டி என்ன செய்கிறது என்று பார்ப்பார். "ஏத்தத்துல வண்டி உன் பேச்சக் கேக்கும். இறக்கத்துல அதோட குணம் வெளிய வரும்" என்பார்.

அந்தச் சோதனையில் ஆர்எக்ஸ் 100 போல வேறுபட்டுத் தெரிந்த வண்டி கிடையாது. 98 சிசியில் 11 குதிரைத்திறன், 100 கிலோவை ஒட்டிய எடை. அன்றைக்கு இந்த மலையில் மேட்டில் அதைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் அதன் சக்தி மேல்சுற்றில்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு 7500 சுற்றில்தான் முழுச் சக்தி. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து சுற்று விழுந்துவிட்டால், கிளட்சைப் பிடித்து விட்டு இன்ஜினை மறுபடி கிளப்ப வேண்டும். இறக்கத்தில் இன்னொரு சிக்கல். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆக்சிலேட்டரை மூடினால் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சும்மா சுற்றிக்கொண்டே போகும். அதற்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்தோ, ஆக்சிலேட்டரோடு இணைந்த பம்ப் வழியாகவோதான் போகிறது. ஆக்சிலேட்டரை மூடியபடி மைல் கணக்கில் இறங்கினால் சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றும், எண்ணெயோ சொட்டுச் சொட்டாகத்தான் போகும். பிஸ்டன் போரைப் பிடித்துக்கொண்டு நடுவளைவில் பின்சக்கரம் பூட்டிக்கொண்ட கதைகளைப் பழைய ஓட்டுநர்கள் எல்லோரும் சொல்வார்கள். இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலேட்டரை லேசாகத் திருகிவிட வேண்டும் என்பது அன்றைக்கு ஓட்டக் கற்கும் எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம்.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் இதற்கு நேர் எதிர். 346 சிசியில் 18 குதிரைத்திறன்தான். ஆனால் கனமான ஃப்ளைவீல், நீளமான பிஸ்டன் ஓட்டம். சுற்று எவ்வளவு விழுந்தாலும் திக்காமல் இழுத்துக்கொண்டே போகும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் பின்னாலிருந்து ஆள் பிடித்து இழுப்பதுபோல நிதானப்படும். அதன் குறை டிரம் பிரேக்கும் எடையும். நிதானமாக ஓட்டுகிறவருக்கு இன்ஜினே பிரேக்காக நின்றதால் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. அவசரப்பட்டவர்களுக்கு உடனே தெரிந்தது.

இழுவை என்று நாங்கள் சொல்வதும் பவர் என்று காகிதத்தில் போடுவதும் ஒன்றல்ல. இன்ஜின் அச்சு சுழலும் முறுக்கு விசையைச் சுற்றின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பது குதிரைத்திறன். ஆகவே சுற்றைக் கூட்டிக்கொண்டே போனால் சின்ன விசையிலும் பெரிய குதிரைத்திறன் காட்டலாம். கொண்டை ஊசி வளைவில் சுற்றைக் கூட்ட இடமிருக்காது. 2500, 3000 சுற்றில் கையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. 3000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர் கிடைத்தால் அது ஏறத்தாழ 12 குதிரைத்திறன். மலைக்கு அது தாராளம்.

வளைவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை மணிக்கு 20 கிலோமீட்டரில் திருப்பினால் வண்டி சுமார் 18 பாகை சாய வேண்டும். அதையே 30 கிலோமீட்டரில் திருப்பினால் 35 பாகை சாய வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. டயரின் மேல் விழும் பக்கவாட்டு இழுப்பு இரண்டேகால் மடங்காகிவிட்டது. காய்ந்த நல்ல தாரில் டயர் அதைத் தாங்கலாம். ஜூன் மாத மழையில், நிழல்பக்கத்துப் பாசியில், யூகலிப்டஸ் இலை உதிர்ந்த ஈரத்தில், கொழுந்து ஏற்றிய டிராக்டர் விட்டுப்போன சேற்றில் தாங்காது. இந்தக் கணக்கில் சிசியும் வரவில்லை, எடையும் வரவில்லை. 8 குதிரைத்திறன் வண்டிக்கும் 40 குதிரைத்திறன் வண்டிக்கும் அந்த வளைவின் எல்லை ஒன்றேதான்.

இதை நேருக்கு நேர் பார்க்க எனக்கு வாய்ப்புக் கொடுத்தவை இரண்டு வண்டிகள். பழைய கேடிஎம் 390 டியூக், 373 சிசியில் 43 குதிரைத்திறன். அதன் முறுக்கு விசையான 37 நியூட்டன் மீட்டர் 7000 சுற்றில் கிடைக்கிறது. 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன், 411 சிசியில் 24 குதிரைத்திறனை ஒட்டியது. 32 நியூட்டன் மீட்டர் 4000 சுற்றை ஒட்டியே வந்துவிடுகிறது. காகிதத்தில் பார்த்தால் ஒன்று இன்னொன்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடைக்கு வந்த வாடிக்கையாளர்களின் வண்டிகளைச் சரிபார்க்க இரண்டையும் இதே சாலைகளில் ஓட்டியிருக்கிறேன். தேவிகுளத்துக்கு அப்பால், அகலப்படுத்தப்பட்ட கேப் ரோட்டில் டியூக் உயிரோடு இருக்கிறது. நீண்ட வளைவுகள், முன்னால் தெரியும் பாதை, சுற்றைக் கூட்ட இடம். 17 அங்குலச் சக்கரமும் குறுகிய உடலும் சொன்ன இடத்தில் திரும்புகின்றன. அங்கே ஹிமாலயன் பின்னால்தான் வரும்.

போடிமெட்டு வளைவுகளில் கதை மாறுகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் டியூக் இரண்டாவது கியரில் திக்குகிறது. முதல் கியருக்கு வந்தால் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் பாய்கிறது. கிளட்ச் கையை விடாமல் வேலை செய்தால்தான் அழகாக ஓட்ட முடியும். ஹிமாலயன் அதே வளைவை இரண்டாவது கியரிலேயே சுற்றிக்கொண்டு மேலேறும். அதன் 21 அங்குல முன்சக்கரம் திரும்பக் கொஞ்சம் நேரமெடுக்கும். ஆனால் வளைவின் நடுவில் குழி வந்தால் அதை உருண்டு தாண்டிவிடும். பதினேழு வளைவும் முடிந்து மேலே வரும்போது இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருப்பதில்லை. டியூக் ஓட்டியவரின் கைதான் அதிகம் வலிக்கும். 2023 இறுதியில் வந்த ஹிமாலயன் 450, 40 குதிரைத்திறனும் 5500 சுற்றில் 40 நியூட்டன் மீட்டரும் கொண்டது. திறந்த சாலையில் பழையதைவிடப் பல மடங்கு சுறுசுறுப்பு. ஆனால் மிகக் கீழ்ச்சுற்றில் பழைய 411 கொடுத்த அந்த நிதான இழுவையை என் கை இன்னமும் தேடுகிறது.

டாப் ஸ்டேஷன் பக்கம் போனால் இன்னொரு பாடம். அங்கே ஏற்றம் கடுமையில்லை. சாலை குறுகல், ஓரம் உடைந்தது, எதிரே ஜீப்பும் டூரிஸ்ட் வேனும் வரும், மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. காட்டு யானையும் நிற்கும். படையப்பா என்று பெயர் பெற்ற கொம்பனை மாட்டுப்பட்டிச் சாலையில் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. அங்கே தேவைப்படுவது, நடக்கிற வேகத்தில் காலூன்றாமல் உருட்டவும் சட்டென்று திருப்பவும் முடிகிற வண்டி. 160 கிலோவுக்குள் இருக்கும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ம், அதைவிட லேசான 100, 125 சிசி வண்டிகளும் அங்கே பெரிய வண்டிகளை மிஞ்சுகின்றன.

இனி இறக்கம். இந்த மலையில் இறக்கம் என்றைக்குமே பெரிய காரியம். 1902-இல் மாடுகள் இழுத்த மோனோரெயில், 1908 முதல் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் இரண்டும் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரைதான் கொண்டுசென்றன. அங்கிருந்து குரங்கணிப் பக்கம் கீழே இறக்க வண்டியை நம்பாமல் கம்பிவடத்தை நம்பினார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது.

போடிமெட்டிலிருந்து போடிக்கு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் குறைகிறது. 250 கிலோ எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல், சுமார் 8 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அந்தச் சூடு எங்கேயாவது போயாக வேண்டும். கீழ்க்கியரில் இறங்கினால் பெரும்பகுதி இன்ஜின் வழியாகக் காற்றுக்குப் போகும். நியூட்ரலில் விட்டோ கிளட்சைப் பிடித்தோ இறங்கினால் பெரும்பாலும் பிரேக் ஷூவுக்கும் டிஸ்க்குக்கும் போகும்.

எஸ்டேட் பையன் ஒருவன் செகண்ட் ஹேண்டில் 200 சிசி வண்டி வாங்கினான். போடியில் ஒரு விசேஷத்துக்கு அப்பா தன் 100 சிசி வண்டியிலும் மகன் புது வண்டியிலும் கிளம்பினார்கள். மகன் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று கிளட்சைப் பிடித்தபடி பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறான். பாதி வளைவுகளைத் தாண்டியதும் முன்பிரேக் லீவர் ஒரு பிடிப்புமில்லாமல் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. மலைப்பக்க ஓடையில் வண்டியைச் சாய்த்ததால் முட்டிக் காயத்தோடு பிழைத்தான். அப்பா இரண்டாவது கியரில், டிரம் பிரேக்கோடு, பின்னால் பத்திரமாக வந்து சேர்ந்தார். வண்டி என் கடைக்கு வந்தபோது பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தேன். உள்ளே டிக்காஷன் நிறம். முந்தைய சொந்தக்காரர் காலத்திலிருந்தே மாற்றியதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். லீவரை அழுத்தினால் குமிழ்தான் நசுங்கும், பேடு டிஸ்க்கைப் பிடிக்காது. பாதி வருடம் மழையும் பனியுமாக இருக்கிற எங்கள் ஊரில் இந்த ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றியே ஆக வேண்டும்.

வாடகை ஸ்கூட்டர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் மனம் பதறும். சமவெளியிலிருந்து வந்த இளம் தம்பதி, மலை ஓட்டிப் பழக்கமில்லாமல், கியரில்லாத வண்டி சுலபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்கூட்டரின் கிளட்ச், சுற்று குறைந்தால் தானாக விட்டுவிடும் வகை. மெதுவாக இறங்கும்போது இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. டிவிஎஸ் எக்ஸ்எல்லிலும் இதே நிலைதான். முழுப் பாரமும் பிரேக்கின் மேல். சக்கரமும் சின்னது; குழியில் ஆழமாக இறங்கும். வாடகைக்கு விடுகிறவர்கள் சாவியைக் கொடுக்குமுன் இதை ஒரு நிமிடம் சொல்லிவிட வேண்டும்: இடையிடையே நிறுத்திப் பிரேக்கை ஆறவிடுங்கள், ஒரே பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள். அந்த ஒரு நிமிடம் உயிர்களைக் காக்கும்.

கையாளுமை என்பது வண்டியோடு பிறந்த குணம் மட்டுமல்ல, பராமரிப்பும் சேர்ந்ததுதான். சமவெளியில் ஓடிய வண்டியின் டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகியிருக்கும். மலை வண்டியின் டயர் இரண்டு தோள்களிலும் தேய்ந்திருக்கும். நடு தட்டையான டயரோடு வளைவுக்கு வந்தால், சாய ஆரம்பிக்கும்போது வண்டி எதிர்க்கும், பிறகு விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று விழும். நேர்ச்சாலையில் ஓடி ஓடி ஹேண்டிலின் கோன்செட்டில் நடுவில் பள்ளம் விழுந்த வண்டி, வளைவில் ஹேண்டிலை நடுவுக்கே இழுக்கும். செயின் தளர்ந்திருந்தால் மெதுவான வளைவில் ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது வெட்டும். ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்தால் பின்புறம் ஆடும். இந்த நான்கையும் சரிசெய்து கொடுத்தால், ஹேண்ட்லிங் சரியில்லை என்று விற்க வந்தவர்கள் பலர் வண்டியை வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்பவர்களுக்கும் பெரிய வண்டி தேவையில்லை. முன்னால் 14 பல் ஸ்ப்ராக்கெட் இருந்தால் அதை 13 ஆக்கினால் சக்கரத்தில் விசை ஏறத்தாழ 8 விழுக்காடு கூடும். இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பும் அதே அளவு கூடும். மேல்வேகம் குறையும். மேல்வேகத்துக்கு இந்த மலையில் இடமேது?

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். லயத்திலிருந்து வேலைக்கும் கடைக்கும் போய்வர 100 அல்லது 125 சிசி வண்டி, நல்ல டயரோடு. வட்டவடையிலிருந்து பூண்டும் காய்கறியும் ஏற்றி இறக்குகிறவருக்குக் கீழ்ச்சுற்றில் இழுக்கும் நீண்ட ஓட்ட இன்ஜின். தூரப் பயணம் போகிறவர் 40 குதிரைத்திறன் வாங்கட்டும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிட வேண்டாம். சக்கரம் பூட்டாமல் அது காக்கும். கொதித்த ஆயிலுக்கும் தேய்ந்த டயருக்கும் அதனிடம் மருந்தில்லை. யாராக இருந்தாலும், எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கியரை வளைவுக்குள் மாற்றாமல், வளைவுக்கு முன்பே குறையுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், அது சாலைவிதியும்கூட. வண்டி வாங்குமுன் ஒரு சரிவான இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை மூடி விட்டுப் பாருங்கள். அது உங்களைப் பிடித்து நிறுத்துகிறதா, தள்ளிக்கொண்டு போகிறதா என்று பார்த்தபின் விலை பேசுங்கள். குதிரைத்திறன் எவ்வளவு என்பதை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.